ஆய்வேட்டில் மூலக் குறிப்பு விடுபட்டதோ என்ற கலக்கமா?

முதுகலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில், எங்கோ ஒரு மேற்கோளுக்கு மூலத்தைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டோமோ என்று உறக்கமின்றித் தவிக்கும் மாணவர்கள், எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. பிறர் எழுத்துடன் 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 சதவீதம் வரை இருந்தால், அதிகபட்சம் 6 மாதங்களுக்குள் திருத்திய பிரதியைத் தர வேண்டியிருக்கும். உரிய மூலக் குறிப்புடன் எடுத்தாண்ட பகுதிகளும், துணைநூற்பட்டியலும், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்களும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பதை அறியாமல், ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் காட்டும் மொத்தச் சதவீதத்தைக் கண்டே பலர் வீணாக அஞ்சுகிறார்கள். உண்மையிலேயே ஒரு பத்தியில் குறிப்பு விடுபட்டிருந்தால், முடிவு வரும்வரை மறைத்து வைக்காமல், பக்க எண்ணையும் மூல நூலையும் குறிப்பிட்டு நெறியாளருக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். தேதியுடன் கூடிய பழைய வரைவுகளை அழித்துவிடாதீர்கள்.