ஊரிலிருந்து செம்புத் தவலை எடுத்துவர நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போகும்போது ஒரு செம்புப் பாத்திரமாவது கொண்டுவர வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. கடையில் வாங்கலாம், இல்லையென்றால் வீட்டில் இருப்பதைக் கேட்டு வாங்கலாம். கடையில் வாங்குவது அரை நாள் வேலை. வீட்டில் கேட்டு வாங்கியதில் என் பதினாறு நாள் லீவில் ஒரு வாரம் போயிற்று.

முதலில் கடை. கும்பகோணத்தில் கும்பேஸ்வரர் கோயில் பக்கம் போனால் பாத்திரக் கடைகள் இருக்கின்றன. கையால் அடித்ததா, மிஷினில் அழுத்தியதா என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். செம்புத் தகடு அடிக்க அடிக்க இறுகிக்கொண்டே போகும். அப்படியே அடித்தால் வெடித்துவிடும். அதனால் பாத்திரம் அடிக்கும் கன்னார் அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி இளக்கிவிட்டு மறுபடி அடிப்பார். ஒரு தவலை உருவாவதற்குள் இப்படிப் பலமுறை நெருப்புக்குப் போய் வரும். அந்தச் சுத்தியல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், எந்த இரண்டும் ஒரே அளவில் இருக்காது. எல்லாத் தடமும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் அது மிஷின் போட்ட பூ. பழைய பாத்திரமாக இருந்தால் உள்பக்கம் தகடு சேரும் இணைப்பைப் பாருங்கள். தகட்டின் இரண்டு ஓரத்தையும் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, பித்தளை உருக்கிப் பற்றவைத்திருப்பார்கள். சிவப்புச் செம்பில் மஞ்சளாக ஒரு பல்வரிசை தெரியும். சின்னக் காந்தம் ஒன்றும் கொண்டுபோங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு.

சமைக்க வாங்குகிறீர்கள் என்றால் ஈயம் பூசாமல் வாங்காதீர்கள். புளியும் மோரும் செம்பில் பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். பாத்திரத்தைச் சுடவைத்து, நவச்சாரம் என்ற உப்பைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் இழுத்துப் பூசுவார்கள். அந்த ஈயத் துண்டைக் கேட்டு வாங்கி வெள்ளைக் காகிதத்தில் கோடு போட்டுப் பாருங்கள். பென்சில் மாதிரி கறுப்பாகக் கோடு விழுந்தால் அதில் காரீயம் என்ற நச்சு உலோகம் கலந்திருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கவே கூடாது.

சரி, வீட்டுப் பாத்திரத்துக்கு வருகிறேன்.

எங்கள் அம்மாச்சியின் கல்யாணச் சீரில் வந்தது ஒரு செம்புத் தவலை. கழுத்தைச் சுற்றி உளியால் புள்ளி புள்ளியாக அவர் பெயரும் 1951 என்ற வருடமும் வெட்டியிருக்கும். பெயரில் வரும் 'னா' பழைய சுழி போட்ட எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடம் போன நான், அந்த எழுத்தை முதலில் பார்த்தது புத்தகத்தில் இல்லை, இந்தத் தவலையில்தான். விரலால் தடவித் தடவிப் படித்திருக்கிறேன்.

அம்மாச்சி போய் நான்கு வருடம் ஆகிறது. காரியத்துக்கு நான் வரவில்லை. இந்த முறை மாமாவிடம் தவலையைக் கேட்டேன். "எடுத்துட்டுப் போம்மா, உனக்கில்லாததா? போறதுக்கு முன்னாடி அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போயிடு" என்றார்.

அந்தக் கையெழுத்து, தாத்தா பெயரில் இருந்த நிலத்தில் என் அம்மாவின் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அம்மாவும் அப்பாவும் இல்லை, நான் ஒரே மகள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டதால் எனக்கு அந்த நிலம் செல்லாது என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு சொன்னார். அது தவறு. நம்மால் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவதைப் பெறலாம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தகப்பன் உயில் எழுதாமல் போனால் மகளுக்கும் சம பங்கு உண்டு. தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு, செல்லாது என்று நம்பி விட்டுக்கொடுப்பது வேறு.

நான் தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன். பத்திரம் எழுதுகிறவர் முதல் நாளே அம்மாவின் பெயரில் நின்றுவிட்டார். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், இறப்புச் சான்றில் இனிஷியலே இல்லை. என் பாஸ்போர்ட்டில் என் கணவர் பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. மூன்று தாளிலும் இருப்பது ஒரே பெண், அவள் மகள் நான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்க ஒரு நாள். வாரிசுச் சான்றிதழின் அசல் எங்கே என்று பீரோவைக் குடைய ஒரு நாள். பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்த அன்று சர்வர் வேலை செய்யவில்லை, மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் ஒரு சாட்சியின் அடையாள அட்டையில் விலாசம் பொருந்தவில்லை. அடுத்து சனி, ஞாயிறு. திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குத்தான் கைரேகை வைத்தேன். அந்த நாட்களில் சுவாமிமலைக்கும் போகவில்லை, அம்மா படித்த பள்ளிக்கூடத்தையும் பார்க்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒன்று காத்திருக்கும் என்று தெரிந்தால் கிளம்பும் முன்பே உங்களுக்காக வேறொருவர் கையெழுத்துப் போட, தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பிவிடுங்கள். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். நிலத்தைப் பேசி முடித்த பிறகு பாத்திரத்தைக் கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் ஒன்று மற்றொன்றுக்கு விலை ஆகிவிடுகிறது. மாமா நேராகக் கேட்டிருந்தால் முதல் நாளே கையெழுத்தைக் கொடுத்திருப்பேன், தவலையைப் பிணை வைத்துக் கேட்டாரே என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நம் ஊரில் நிலமும் செம்பும் பழைய கூட்டு. ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்ததை 21 செப்பேடுகளில் வெட்டி வளையத்தில் கோத்தார்கள். அதுவும் கடல் கடந்து நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போயிற்று. டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் செப்பேட்டின் நினைவுதான் வந்தது.

பதிவு முடிந்த அன்று சாயங்காலம் மாமி தவலையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். அடிப்பக்கத்துக் கரி மட்டும் போகவில்லை. "கடைசி மூணு வருசம் அம்மாவுக்கு இதுலதான் வெந்நீர் போட்டோம்" என்றார் மாமி. அம்மாச்சியைக் குளிப்பாட்டியது அவர். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசினேன். அந்தக் கரியை நான் தேய்க்கவில்லை.

விமான நிலையத்துக்கு ஒரு எச்சரிக்கை. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனிநபர் வெளிநாடு கொண்டுபோகக் கூடாது. பழையதாகத் தெரியும் செம்பைப் பார்த்தால் கேள்வி வரலாம். சந்தேகம் இருந்தால் அது தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்குங்கள். என்னையும் கேட்டார்கள். கழுத்தில் வெட்டியிருந்த 1951ஐக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். புதிதாக வாங்குகிறவர்களும் பெயரோடு வருடத்தை வெட்டச் சொல்லுங்கள்.

வெறும் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது என்று மாமி தவலைக்குள் இரண்டு படி அரிசியும் ஒரு மஞ்சள் கிழங்கும் போட்டுக் கொடுத்திருந்தார். அமெரிக்காவுக்கு நம் அரிசியைப் பெட்டியில் கொண்டுபோக அனுமதி இல்லை, தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு வந்துவிடும் என்று தடுப்பார்கள். மாமியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னையில் பெட்டி போடும் முன் அரிசியை ஒரு பையில் கொட்டி, வழியனுப்ப வந்திருந்த மாமா மகனிடம் கொடுத்தேன். அதை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போவதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையோடு நின்றுகொண்டிருந்தான்.