பேல் கம்பியில் எங்கே ஏமாறுகிறோம்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் கழிவு அட்டைப் பெட்டிகளை ராணிப்பேட்டைப் பக்கம் குடோனில் அமுக்கிப் பேலாக, அதாவது இறுக்கிய பெரிய கட்டாக, கட்டுகிறவர்கள், மெஷினுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பார்கள். கம்பிக்கு மட்டும் "கிலோ என்ன விலை?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முதல் சறுக்கல் கேஜில், அதாவது கம்பியின் தடிமனைச் சொல்லும் நம்பரில்தான். நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். 10 கேஜ் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2.03. ஒரு கிலோவுக்கு 12 கேஜ் சுமார் 23 மீட்டர் வரும். 14 கேஜ் 39 மீட்டர். இந்தக் கூடுதல் 16 மீட்டர்தான் ஆளைக் கவிழ்க்கும். கண்ணுக்கு அரை மில்லிச் சொச்சம் வித்தியாசம்; உள்ளே இரும்பு ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. நானும் ஒருமுறை ஆசைப்பட்டேன். மெஷினை விட்டு வரும்போது பேல் கட்டுக்கோப்பாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் நடுக்கம்பி தெறித்து, பேல் வயிறு தள்ளி நிற்கிறது. லாரிக்காரர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். பிரித்து மறுபடி அமுக்கிய கூலியில் மிச்சம் பிடித்த காசு போயிற்று.

அட்டைக்குத் தாங்கும் கம்பி பிளாஸ்டிக்குக்கும் தாங்கும் என்று நம்பாதீர்கள். மூடி கழற்றாத பாட்டிலுக்குள் காற்று இருக்கும். எவ்வளவு அமுக்கினாலும் திமிறும்.

கம்பி விறைப்பாக இருந்தால் நல்லது என்பது இன்னொரு நினைப்பு. கையால் முறுக்கும் மெஷினுக்குச் சூடேற்றி மெல்ல ஆறவிட்ட கருப்புக் கம்பிதான் சரி. அது வளையும், கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். விறைத்த கம்பி முறுக்கிய இடத்திலேயே ஒடியும். கடையிலேயே ஒரு முழம் வாங்கி முறுக்கி, பிரித்து, திரும்ப முறுக்கிப் பாருங்கள். தானாகக் கட்டும் மெஷின் என்றால் அதன் கையேட்டில் சொன்ன தடிமனும் இழுவிசையும்தான். அங்கே நம் யோசனை வேண்டாம்.

அவசரத்துக்கு, கட்டட வேலையில் பயன்படும் மெல்லிய சென்ட்ரிங் கட்டுக்கம்பியை எடுப்பவர்களும் உண்டு. 18 கேஜை இரட்டையாகப் போட்டாலும் ஒற்றை 14-ஐ எட்டாது.

ஐப்பசி மழையில் வெளியே அடுக்கி வைப்பதாக இருந்தால் துரு பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பி வாங்குங்கள். அந்த வாரமே லோடு போய்விடும் என்றால் கருப்பே போதும்.

அப்புறம், பேலைப் பிரிக்கும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுங்கள். அறுந்த முனை முகத்துக்குத்தான் வரும்.