‘விதவுட் ஃபர்தர் அடூ’ சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடராதீர்கள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு பரிசளிப்பு விழாவுக்குப் போனால், அதுவரை தமிழில் அழகாகத் தொகுத்துக்கொண்டிருந்த மாணவி திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவும் இடம் ஒன்று வரும். பெரும்பாலும் அது பிரதம அதிதியை உரையாற்ற அழைக்கும் இடமாக இருக்கும். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, ‘விதவுட் ஃபர்தர் அடூ’ என்று தொடங்குவார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாக ஆய்வரங்குகளிலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒலுவில் வளாகத்து நிகழ்வுகளிலும், தொண்டு நிறுவனங்களின் பயிற்சிப் பட்டறைகளிலும் இதே தொடர்தான். நல்ல தொடர், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில் திரும்பத் திரும்ப ஒரே தவறுகள் நடக்கின்றன. மேடை ஏறும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள். இனி வேறு ஆரவாரமோ இழுபறியோ இல்லாமல், நேரே விஷயத்துக்குப் போகிறோம் என்பதுதான் அது. ‘அடூ’ ஒரு பழைய சொல். இடைக்கால வட இங்கிலாந்துப் பேச்சில் ‘செய்ய’ என்ற பொருளில் வழங்கிய ‘அட் டூ’ ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகி, பிறகு அமளி, வீண் பரபரப்பு என்ற பொருளுக்கு நகர்ந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அது தனியாக நடமாடுவது அபூர்வம். இந்தத் தொடரில் பார்க்கலாம், இதைப் போன்ற இன்னும் ஓரிரு தொடர்களில் பார்க்கலாம், 1600ஆம் ஆண்டு அச்சான ஷேக்ஸ்பியரின் ‘மச் அடூ அபௌட் நத்திங்’ என்ற நாடகத் தலைப்பில் பார்க்கலாம்.

ஆக, இந்தத் தொடரைச் சொல்பவர் சபைக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்: நான் இத்துடன் ஒதுங்குகிறேன், அடுத்து நீங்கள் பார்க்க வந்தவர் வருகிறார். நம் மேடைகளில் அதிகமாக மீறப்படுவது இந்த வாக்குத்தான். ‘விதவுட் ஃபர்தர் அடூ’ என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கி, ‘இவரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறியே ஆக வேண்டும்’ என்று அடுத்த தாளைப் புரட்டுவார்கள். அதிதி பாதி எழுந்து, திரும்ப உட்காருவார். சபையில் கைதட்டத் தூக்கிய கைகள் மடிக்குத் திரும்பும். பிறகு அவருடைய பட்டங்கள், வகித்த பதவிகள், பெற்ற விருதுகள் எல்லாம் வரிசையாக வரும். ஒரு கூத்தில் கட்டியகாரன் ராசா வருகிறார் என்று அறிவித்துவிட்டு, ராசாவை ஒதுக்கி வைத்து, தானே களரியைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தால், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு முறைப்பார். மண்டபத்தில் முறைக்க ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அறிமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிமுகம் முழுவதும் அந்தத் தொடருக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். அதுவும் பேசப்போகிறவரின் சரக்கை எடுத்து முன்கூட்டியே விற்றுவிடாத அறிமுகமாக இருக்க வேண்டும். சுவாமி விபுலாநந்தர் நினைவுப் பேருரை ஒன்று நடக்கிறது என்று வையுங்கள். அடிகளார் 1892இல் காரைதீவில் பிறந்தார், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார், 1947இல் அவர் எழுதிய ‘யாழ் நூல்’ அரங்கேறியது, அதே ஆண்டு மறைந்தார். இவ்வளவையும் தொகுப்பாளரே வாசித்து முடித்துவிட்டால், பேருரை நிகழ்த்த வந்தவர் முதல் பத்து நிமிடத்துக்கு என்ன செய்வார்? இந்த மண்ணில் பாதிச் சபைக்கு இதெல்லாம் பாடசாலையிலிருந்தே தெரியும். தொகுப்பாளர் சொல்ல வேண்டியவை இரண்டுதான்: இன்றைய உரை எதைப் பற்றியது, அதைப் பேச இவர் ஏன் பொருத்தமானவர். நாலு வாக்கியம் போதும்.

அடுத்தது, பெயர் எங்கே வர வேண்டும் என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் பழகிய நாக்கு இங்கேதான் தடுமாறுகிறது. தமிழில் ‘இன்னார் அவர்களை உரையாற்ற வருமாறு அன்புடன் அழைக்கிறேன்’ என்கிறோம். பெயர் முன்னால் வருகிறது, ‘அழைக்கிறேன்’ கடைசியில் வருகிறது. அந்த ‘அழைக்கிறேன்’ காதில் விழுந்ததும் சபை கைதட்டும். ஆங்கிலத்தில் கைதட்டலைக் கிளப்புவது பெயர். அதனால் பெயர்தான் கடைசியில் விழ வேண்டும். நம் பிள்ளைகள் தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு, பெயரைச் சொன்ன பிறகு, இந்தத் தலைப்பில், இந்த நிகழ்வுக்காக, மேடைக்கு வந்து உரையாற்றும்படி என்று ஆங்கிலத்தில் இழுத்துக்கொண்டே போகிறார்கள். பெயர் வந்ததும் கிளம்பிய கைதட்டலில் மீதி வாக்கியம் மூழ்கிவிடும். தலைப்பை முதலே சொல்லிவிடுங்கள். பிறகு ‘விதவுட் ஃபர்தர் அடூ, ப்ளீஸ் வெல்கம்’, பிறகு பதவி, கடைசியில் பெயர். பெயரோடு வாயை மூடிக்கொண்டு மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போங்கள்.

பெயர் என்றதும் ஒன்று. அம்பாறை மாவட்ட நிகழ்வுகளில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெயர்கள் மூன்றும் ஒரே நிகழ்ச்சி நிரலில் இருக்கும். அழைப்பிதழில் அச்சானதைப் பார்த்து ஊகிக்காமல், வந்தவரிடமே அல்லது அவருடன் வந்தவரிடம் எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அறிமுகம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் பெயரில் சறுக்கினால் சபைக்கு அதுதான் ஞாபகம் இருக்கும்.

இனி ‘ஃபர்தர்’ என்ற சொல். ‘இதற்கு மேலும்’ என்றால், இதற்கு முன்னால் ஏதோ நடந்திருக்க வேண்டும் அல்லவா? நிகழ்ச்சியின் முதல் வாக்கியமாகவே இந்தத் தொடரைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காலை வணக்கம் சொல்லி, அடுத்த மூச்சில் ‘விதவுட் ஃபர்தர் அடூ’ என்று மங்கள விளக்கேற்ற அழைப்பது. அதற்குள் யாரும் எந்த ஆர்ப்பாட்டமும் செய்யவில்லையே! கூடவே, விளக்கேற்றலுக்கு ஒரு வரிசை இருக்கிறது, மெதுவாக நடக்கிறது, நடக்கவும் வேண்டும். மௌன இறைவணக்கம், தேசிய கீதம், கல்லூரிக் கீதம் எதற்கும் இந்தத் தொடர் பொருந்தாது. ‘சீக்கிரம் முடித்துவிட்டுப் போவோம்’ என்று சொல்வது போல இருக்கும். அஞ்சலிக் கூட்டத்தில் இதைச் சொல்லவே கூடாது. அங்கே யாருக்கும் அவசரம் இல்லை.

இந்தத் தொடர் உண்மையிலேயே எடுபடும் இடம் ஒன்று நம் ஊரில் அடிக்கடி வாய்க்கிறது. அழைப்பிதழில் ஒன்பது மணி. பிரதம அதிதி இன்னும் வரவில்லை. பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் வாசலில் வெயிலில் நிற்கிறார்கள், மண்டபத்துக்குள் மின்விசிறி சூடான காற்றைச் சுற்றுகிறது, தொகுப்பாளர் பாடசாலை வரலாற்றைச் சொல்லி நேரத்தை ஓட்டுகிறார். கடைசியில் அதிதி வந்து அமர்ந்துவிட்டார். அந்த நேரத்தில் ஒரே ஒரு ‘விதவுட் ஃபர்தர் அடூ’ போட்டு அடுத்த நிகழ்வுக்குத் தாவினால் மண்டபமே நன்றி சொல்லும். ஆனால் குரலில் குத்தல் வேண்டாம். காத்திருந்த கோபத்தோடு சொன்னால் அதிதிக்குச் சொன்னது மாதிரி ஆகிவிடும்.

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு தடவை போதும். வரவேற்புரைக்கு ஒன்று, தலைமையுரைக்கு ஒன்று, நடனத்துக்கு ஒன்று, நன்றியுரைக்கு ஒன்று என்று போனால், நான்காவது தடவை பின்வரிசைப் பையன்கள் தொகுப்பாளருக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். பல நிகழ்வுகள் இரு மொழியில், சிலவேளை மும்மொழியிலும் நடப்பதால் இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் ‘இனியும் தாமதியாமல்’, அதைச் சிங்களத்தில் ஒருமுறை, பிறகு ஆங்கிலத்தில் ‘விதவுட் ஃபர்தர் அடூ’. தாமதம் இல்லை என்பதையே மூன்று தடவை சொல்லித் தாமதப்படுத்துகிறோம்! தகவலை மூன்று மொழியிலும் சொல்லுங்கள், அது மரியாதை. இந்த அலங்காரத்தை மட்டும் ஏதாவது ஒரு மொழியில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் நிகழ்வென்றால் ‘இனியும் உங்களைக் காக்க வைக்காமல்’ என்பதே தாராளமாகப் போதும், அதற்குப் பக்கத்தில் ஆங்கிலம் எதற்கு? ‘நேரத்தின் அருமை கருதி’ என்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். நீண்ட உரை ஒன்று முடிந்த கையோடு அதைச் சொன்னால், இறங்கிப் போகிறவரின் முகத்தைப் பாருங்கள்.

எழுத்துக்கு வருவோம். பேசும்போது மறைந்துவிடும் தவறு, திரையில் போடும் ஸ்லைடிலும் அச்சடித்த நிகழ்ச்சி நிரலிலும் பல்லிளிக்கும். ‘அடூ’வுக்கு மூன்று எழுத்துத்தான்: ஏ, டி, ஓ. இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். பலர் ஐந்து எழுத்தில் ‘அடியூ’ என்று எழுதுகிறார்கள். அது பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல், பிரிந்து போகும்போது சொல்லும் விடை. அமெரிக்க உச்சரிப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிப்பதால், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட இந்தக் குழியில் விழுகிறார்கள். இன்னும் சிலர் ‘ஃபர்தர் டியூ’ என்று எழுதுவார்கள், அது கட்ட வேண்டிய பாக்கி. இந்த இடத்தில் கணினியை நம்பி இருக்க முடியாது. அடியூ, டியூ இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எழுத்துப் பிழை திருத்தி பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. ஸ்கிரிப்டை இன்னொரு ஆள் ஒருமுறை வாசித்துப் பார்ப்பதுதான் வழி. தொடர் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அதற்குப் பின் ஒரு காற்புள்ளி போடுங்கள். வாசிப்பவர் மூச்சு விடும் இடமும் அதுதான்.

உச்சரிப்பில் நான் கவனிக்கச் சொல்வது ‘அடூ’வை அல்ல, ‘ஃபர்தர்’ஐத்தான். வாயை அகலத் திறந்து சொன்னால் அது ‘ஃபாதர்’ ஆகிவிடும். மட்டக்களப்பில் மிஷன் வழி வந்த பாடசாலைகளுக்குக் குறைவில்லை. நத்தாரையொட்டிய ஒளி விழா மேடையில், அருட்தந்தை ஒருவர் நடுநாயகமாக அமர்ந்திருக்க, ‘விதவுட் ஃபாதர்’ என்று மைக்கில் முழங்கினால், அருட்தந்தை சிரித்துவிடுவார், ஆனால் அதிபர் சிரிக்கமாட்டார். வாயை அதிகம் திறக்காமல் ‘ஃபர்’ என்று சுருக்கிச் சொல்லிப் பழகுங்கள். ‘அடூ’வில் அழுத்தம் இரண்டாவது அசையில், ‘டூ’வில்.

பல்கலைக்கழக மாணவர்கள் இதைத் தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள். குழுவாக நின்று, ஒவ்வொருவரும் பெயரும் பதிவிலக்கமும் சொல்லி, ‘விதவுட் ஃபர்தர் அடூ’ எங்கள் முன்வைப்புக்குப் போவோம் என்பார்கள். போய்ச் சேரும் முதல் ஸ்லைடு, உள்ளடக்கம். இரண்டாவது, அறிமுகம். மூன்றாவது, நோக்கங்கள். நேரே விஷயத்துக்குப் போவதாகச் சொன்னவர்கள் மூன்று ஸ்லைடு கழித்தும் வாசலில் நிற்கிறார்கள். தொடரைச் சொல்வதென்றால் அடுத்து வரும் ஸ்லைடு நீங்கள் கண்டுபிடித்த விஷயமாக இருக்கட்டும். வாவியில் மீன் குறைந்ததைப் பற்றிய ஆய்வென்றால், அந்த வரைபடத்தை முதலில் காட்டுங்கள். புள்ளி போடும் விரிவுரையாளருக்காக நோக்கங்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அலுவலகக் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் இதை எழுத வேண்டாம். மேடைக்கு உரிய வாசனை அதில் அதிகம். தேய்ந்துபோன தொடர் என்று சொல்லி மேடையிலேயே இதைத் தவிர்க்கிற நல்ல ஆங்கிலப் பேச்சாளர்கள் இருக்கிறார்கள், ‘ப்ளீஸ் வெல்கம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் முதல்முறை மைக் பிடிக்கும் பிள்ளைக்கு இந்தத் தொடர் ஒரு தைரியத்தைக் கொடுக்கிறது, அதைப் பறிக்க மனம் வரவில்லை.

சொல்வதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள், அழைக்கப்படுகிறவர் மண்டபத்துக்குள் இருக்கிறாரா என்று. முழங்கி அறிவித்த பிறகு, அவர் வெளியே மரத்தடியில் ஃபோனில் பேசிக்கொண்டிருப்பது தெரியவந்தால், அந்த அரை நிமிட மௌனத்தை எந்த மொழியாலும் நிரப்ப முடியாது. மேடைக்குக் கீழே ஒரு மாணவத் தலைவரை நிறுத்தி, தலையசைப்பு வந்த பிறகே தொடங்குங்கள். ஆள் இல்லையென்றால் நிகழ்ச்சி நிரலை முன்பின்னாக மாற்றி நடனத்தை இறக்கிவிடலாம். சலங்கை கட்டிய பிள்ளைகள் எட்டு மணியிலிருந்தே தயாராகத்தான் நிற்பார்கள்.