நாகேஸ்வரராவ் பூங்காவில் கதைக் கூட்டம் போடுவது எப்படி?

"மொட்டை மாடியிலேயே நடத்தலாமே டீச்சர், பார்க் எதுக்கு?" என்று என் டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்பார்கள். மாடிக்கு நாம் கூப்பிட்டவர்கள்தான் வருவார்கள். பூங்காவில், ஊஞ்சலுக்குப் பேத்தியைக் கூட்டி வந்த பாட்டியும் யார் வீட்டுப் பிள்ளையென்றே தெரியாத பொடியனும் தானாக வந்து உட்காருவார்கள்.

சென்னை மயிலாப்பூரில், லஸ் சர்ச் ரோட்டில் 1940ல் திறந்த பூங்கா இது. அமிர்தாஞ்சன் தைலத்தைக் கொண்டுவந்த, 'ஆந்திர பத்திரிகா' நடத்திய காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலுவின் பேர்தான் இதற்கு. இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒவ்வொரு பெஞ்சுக்கும் எழுதாத பட்டா உண்டு. அதனால் முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள். சும்மா போய் உட்கார்ந்து, யார் எப்போது எங்கே வருகிறார்கள் என்று பாருங்கள். காலையில் நடைக்காரர்கள் ராஜ்யம். பாதையை மறித்தால் முறைப்பார்கள். எனக்கு ஞாயிறு சாயங்காலம் நாலரை மணி ஒத்து வந்தது.

ஜமக்காளம் விரிக்கும் முன் தரையைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருந்தால் மேலே காக்காய் அடைகிற கிளை என்று அர்த்தம். ஐந்தரைக்கு மேல் உங்கள் தலை உங்கள் பொறுப்பு. எறும்பு வரிசை போகிறதா என்றும் ஒரு கண் ஓட்டுங்கள்.

மைக் வேண்டாம். இதே பூங்காவில் குழந்தைகள் மைக் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியே பண்ணியிருக்கிறார்கள். கதைக்கு என்ன கேடு? ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, அரைவட்டமாக உட்காருங்கள். இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு வட்டம். மைக், பேனர், ஷாமியானா என்று இறங்கினால் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குக் கடிதத்தோடு நடக்க வேண்டும். உட்கார்ந்து பேசுவதற்கு நான் வாட்ச்மேனிடம், "அண்ணா, ஒரு மணி நேரம், குப்பை போட மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தின்பண்டமும் கிடையாது. ஒரு பொட்டலம் பிரிந்தால் நாய் வரும், கதை போகும்.

புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தெனாலிராமன் கதையை நீங்கள் படித்துவிட்டு, பெரியவர்களிடம் தள்ளிவிடுங்கள். "கதை சொல்லுங்க மாமா" என்றால் கூச்சப்படுவார்கள். "ஸ்கூலுக்கு எப்படிப் போனீங்க?" என்று கேளுங்கள், மடை திறக்கும். எங்கள் கூட்டத்தில் எண்பது தாண்டிய ஒரு மாமா, மயிலாப்பூர் டிராமில் போனதைச் சொன்னார். டிராம் 1953லேயே நின்றுபோயிற்று. "அதுக்கு ஹார்ன் உண்டா தாத்தா?" என்றான் ஒரு வாண்டு. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து, டிரைவர் காலால் மிதித்து மணி அடிப்பதைச் செய்து காட்டினார். டங் டங்! அப்புறம் அத்தனை பிள்ளைகளும் ஜமக்காளத்தை மிதித்துத் துவம்சம் பண்ணிவிட்டார்கள். தெனாலிராமனை ஒருத்தரும் தேடவில்லை.

ஆறு மணிக்குக் கொசு வரும். அதற்கு முன் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்த்து, மூன்று மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் 'உண்டு' அல்லது 'இல்லை' போட்டுவிடுங்கள். 1949ல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்ததாம். நம் கூட்டம் அந்த ரகமில்லை. தூறல் விழுந்தால் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடலாம், தப்பே இல்லை.