தீவிர மனநோய் உள்ளவருக்கு வேலை: எங்கிருந்து தொடங்குவது?

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களை முதலில் பயிற்சிக்கு அனுப்பி, "தயாரானதும்" வேலை தேடலாம் என்பதுதான் பழைய வழக்கம். பயிற்சி வருடக்கணக்கில் போகும், வேலை வராது. அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் உருவாக்கிய ஐ.பி.எஸ். (Individual Placement and Support, அதாவது ஆளுக்கேற்ற வேலையில் சேர்த்துவிட்டு உடனிருந்து உதவுவது) முறை இதைத் தலைகீழாக்கியது: முதலில் மற்றவர்கள் வாங்கும் அதே சம்பளத்தில் ஒரு வேலை, அப்புறம் அந்த வேலையிலேயே பழக்கம். லண்டன், ரிமினி, சோஃபியா உட்பட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரை வைத்து நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், இந்த முறையில் 55 சதவீதம் பேர் ஒரு நாளாவது வேலைக்குப் போனார்கள். பழைய முறையில் 28 சதவீதம்தான்.

இந்த முறையில் வேலை தேடித் தருகிற பணியாளர் நீங்கள் என்றால், முதல் படி, ஆளை வடிகட்டாதீர்கள். "வேலைக்குப் போகணும்" என்று சொன்னாலே போதும், இன்னும் காதில் குரல் கேட்டாலும் சரி.

இரண்டாவது, உட்கார்ந்து பேசுங்கள். முன்பு என்ன வேலை பார்த்தார், எது பிடிக்கும், காலையில் எப்போது தெளிவாக இருப்பார் என்று கேளுங்கள். இரவு மாத்திரையால் பத்து மணி வரை மந்தமாக இருப்பவரை ஆறு மணி ஷிஃப்டில் சேர்த்துவிட்டால் "சோம்பேறி" என்ற பெயரோடு வெளியே வருவார், அந்தப் பழி அவர்மேல் விழக் கூடாது. மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வேலை தேடித் தருபவரும் சிகிச்சைக் குழுவில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மூன்றாவது படிதான் பலர் தள்ளிப்போடுவது. ஒருவர் உங்களிடம் வந்து சேர்ந்த 30 நாட்களுக்குள் ஒரு முதலாளியையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். முதல் தடவை போகும்போது யாருக்காகவும் வேலை கேட்காதீர்கள். என்ன வேலை நடக்கிறது, எந்த மாதிரி ஆள் நிற்காமல் போகிறார் என்று மட்டும் விசாரியுங்கள். ஜவுளிக்கடையில் முன்பக்கம் கூட்டமும் சத்தமுமாக இருக்கும், பின்னால் குடோனில் துணியைப் பிரித்து விலைச் சீட்டு ஒட்டுகிறவர் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே போய் நின்று பார்த்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும். பொருத்தமான ஆள் இருந்தால் அடுத்த தடவை அவரைப் பற்றிச் சொல்லுங்கள். "பாவம் சார், ஒரு வேலை குடுங்க" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், அந்த இரக்கம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பது வேலைக்குப் போகிறவருடைய முடிவு, உங்களுடையதோ அம்மா அப்பாவுடையதோ இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் வருகிறது என்பதை அவருக்குச் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள். உதவித்தொகை வாங்குகிறவரென்றால் சம்பளம் வந்தால் அது என்னவாகும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்ததும் நம் வேலை முடியாது. சேர்ந்த மூன்று நாட்களுக்குள் ஒரு தடவை, முதல் மாதம் வாராவாரம், அப்புறம் குறைந்தது ஒரு வருடம் மாதம் ஒரு தடவையாவது நேரில் பாருங்கள். இதனால்தான் ஒரு பணியாளர் ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் பொறுப்பேற்கக் கூடாது. வேலை போய்விட்டால் அதில் எது ஒத்து வந்தது, எது வரவில்லை என்று அவரிடமே கேட்டு, தாமதிக்காமல் அடுத்த இடம் தேடத் தொடங்குங்கள்.