பேண்ட் சா கோணலாக அறுக்கிறதா? ஃபென்ஸைத் தொடாதீர்கள்

செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து எடுத்த பர்மா தேக்கு விட்டம் காரைக்குடிப் பட்டறைகளுக்கு நிறைய வருகிறது. அதை பேண்ட் சாவில் (இரு சக்கரங்களில் சுற்றும் பட்டை ரம்பத்தில்) பலகையாகப் பிளக்கும்போது அறுப்பு கோட்டை விட்டு ஒதுங்கினால், பலரும் முதலில் ஃபென்ஸை, அதாவது மரத்தை அணைத்துத் தள்ளும் பக்கத் தடுப்பை, திருப்புகிறார்கள். அதுதான் பெரிய தவறு. கோளாறு பெரும்பாலும் பிளேடில்தான் இருக்கும்.

பழைய மரத்தில் தலை உடைந்த ஆணி உள்ளே கிடக்கும். வெளியே கறுப்பாக ஒரு கறை மட்டும் தெரியும். பிளேடு அதை உரசிக்கொண்டு போனால் ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கிவிடும். அப்புறம் கூர் இருக்கிற பக்கமாகவே இழுக்கும். ஃபென்ஸைத் திருப்பினால் அன்றைக்கு ஒப்பேறும். மழுங்கல் கூடக் கூட இழுப்பும் கூடும். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பற்களை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மழுங்கிய நுனி பளிச்சென்று மினுங்கும், கூரான நுனி மினுங்காது. ஆணி தேடும் டிடெக்டரை ஓட்டாமல் பழைய மரத்தை மெஷினில் ஏற்றவே கூடாது என்பேன்.

அடுத்தது, சின்ன வேலைக்கான நெருக்கமான பல் பிளேடிலேயே 6 அங்குல விட்டக் கட்டையையும் பிளப்பது. பல்லிடுக்கில் தூள் அடைத்து, பிளேடு சூடேறி அலையும். இதற்கு அங்குலத்துக்கு 3 பல் உள்ள அகலமான பிளேடு வேண்டும்.

மேலும் கீழும் கோடு சரியாக இருந்து, பலகையின் நடுவில் மட்டும் வயிறு தள்ளினால் பிளேடின் விறைப்பு (டென்ஷன்) போதவில்லை, அல்லது அவசரப்பட்டுத் தள்ளுகிறீர்கள். பழுத்த தேக்கு மெதுவாகத்தான் வழிவிடும். பிளேடு அசையாமல் பிடிக்கும் மேல் கைடை உயரத்திலேயே விட்டுவிடாமல் மரத்துக்குக் கால் அங்குலம் மேலே இறக்குங்கள். பக்கக் கைடுக்கும் பிளேடுக்கும் இடையே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் இழுக்கிறதா? சரி, இப்போது ஃபென்ஸுக்கு வரலாம். விளிம்பு நேராக உள்ள கழிவுப் பலகை ஒன்றில், அந்த விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாமல் கையால் ஓர் அடி அறுங்கள். கோட்டிலேயே நேராகப் போகும்போது, பலகையை அசைக்காமல் மெஷினை நிறுத்துங்கள். பலகை நிற்கும் கோணத்தை மேசையில் பென்சிலால் குறித்து ஃபென்ஸை அதற்கு இணையாக வையுங்கள். பிளேடு மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும்.