வேலூரிலிருந்து சிங்கப்பூர்: நேரத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

சென்னை–சிங்கப்பூர் வானவழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், நேரடி விமானத்தில் நாலு, நாலேகால் மணி நேரம்தான். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் இரவு 11.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.15க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும், ஏழு மணி நேரமா என்று பயப்பட வேண்டாம். இரண்டும் அந்தந்த ஊர் நேரம், சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதைக் கழித்துவிடுங்கள். திரும்பும்போது கூட்டணும்.

சரி, நிஜமான தலைவலி தரைவழிதான். வேலூரிலிருந்து மீனம்பாக்கம் 130 கிலோமீட்டர் சொச்சம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரி நெரிசலில் மாட்டினால் போச்சு. மூன்று மணி நேரம் முன்னதாக ஏர்போர்ட்டில் இருக்கணும், அதனால் 11.30 விமானத்துக்கு மாலை 5 மணிக்கே காரில் ஏறிவிடுங்கள். பெங்களூரு விமான நிலையம் நமக்கு இதைவிடத் தூரம்.